ஆமையாருக்கு வேலி அடைத்த கதை

என்னைக் கேட்காமலே என் கணவர் ஒரு ஆமையை வளர்ப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஆக்லாந்தில் பிளாக்ஹவுஸ் பே பக்கம், ஒரு சரிவில் நின்ற பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த வெள்ளைக்கார அம்மா, ஆஸ்திரேலியாவில் இருந்த மகனோடு போய் வாழ ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அவருடைய ஆமையை அந்த நாட்டுக்குள் விடமாட்டார்களாம். உடுப்புக் காயப்போடும் கொடியடியில் நின்று அதைச் சொல்லி அழுதிருக்கிறார். இவருக்கு மனம் இளகிவிட்டது.

"ஆமை வீட்டுக்குள்ள வந்தா ஆகாது எண்டு உங்களுக்குத் தெரியாதே?" என்றேன்.

"வீட்டுக்குள்ள ஆர் விடப்போகினம்? வளவுக்கதான் நிக்கும்."

"வளவுக்க நிக்கிறது வீட்டுக்க வராதே? அதுக்கென்ன கால் இல்லையே?"

கடைசியில் நான் ஒரு சட்டம் போட்டேன். ஆமை ஒருநாள் வாசற்படி தாண்டி உள்ளே வந்தாலும், அன்றைக்கே அதை வேறு யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். அவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

இலங்கையில் அவர் நீர்ப்பாசன என்ஜினியர். குளக்கட்டும் மதகும் கட்டியவர். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பில் எங்கள் வீடு எரிந்த பிறகு இங்கே வந்தோம். இங்கே அவருக்குக் கிடைத்தது பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை. அதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. வேலை முடிந்து வந்தால் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருப்பார். நான் ஏதாவது கேட்டால் பதில் வரும். அவராகக் கதை தொடங்குவது நின்று போயிருந்தது. அந்த மௌனம் எனக்கு எந்த ஆமையையும்விடப் பயமாக இருந்தது.

அன்று மாலை அவர் பேப்பரைத் தொடவில்லை. சாப்பாட்டு மேசையில் பெரிய தாள் ஒன்றை விரித்து, பென்சிலைச் சீவிக் கோடு போடத் தொடங்கினார். எனக்குக் கோபம் அரைவாசி இறங்கிவிட்டது. மிச்ச அரைவாசி இன்னும் இருக்கிறது என்று காட்டுவதற்காகப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன்.

அடுத்து வந்த சனி ஞாயிறெல்லாம் வீட்டுக்குப் பின்னால் வளவில் மண்வெட்டிச் சத்தம்தான். ஆக்லாந்து மழைக்குத் தண்ணீர் தேங்காமல் நிலத்தைச் சரித்து விட்டார். ஆமை தோண்டிக்கொண்டு போய்விடக்கூடாது என்று சுற்றிவர ஆழமாக வாய்க்கால் வெட்டிக் கல் இறக்கினார். ரசமட்டம் வைத்துப் பார்த்துத் தடி நட்டார். ஒரு ஆமைக்கு இந்த அத்திவாரம் என்றால் ஆனைக்கு என்ன செய்வார் என்று யோசித்தேன். நாலு பக்கமும் புத்தம்புதுக் கம்பி வலை பளபளத்தது. நடுவில் கூரை போட்ட சின்ன வீடு. வேலை செய்யும்போது விசிலடித்தார். அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதையே நான் மறந்து போயிருந்தேன்.

பக்கத்து வீட்டம்மா ஆமையை ஒரு அப்பிள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். தான் பயணம் போவதற்குள் அது இங்கே பழகிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். என் கணவர் அதற்கு ஆமையார் என்று மரியாதையாகப் பெயர் வைத்தார்.

ஆமையாருக்கு எங்கள் அரண்மனை பிடிக்கவில்லை. விடிந்தால் பொழுதுபடும் வரை வலையோரமாகவே அங்கும் இங்கும் நடந்தார். மூக்கைக் கம்பிக்குள் விட்டுத் தள்ளித் தள்ளி மூக்கில் தோல் உரிந்துவிட்டது. வைத்த கீரையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் மத்தியானச் சமையலில் நின்றேன். பின்கதவடியில் டொக்கென்று ஒரு சத்தம். பார்த்தால், படியில் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு ஆமையார் நிற்கிறார்! வலையின் கண்களில் காலை வைத்து ஏணியில் ஏறுவதுபோல் ஏறி வெளியே விழுந்திருக்கிறார். நான் அகப்பையும் கையுமாக வாசலை மறித்து நின்றேன். என் கணவர் ஓடி வந்தார். ஆமையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒரு ஆமைக்கு ஒழுங்கா வேலி கட்டத் தெரியேல்லை எனக்கு" என்றார்.

சத்தமே இல்லாமல் சொன்னார். இந்த ஆமை போனால் இவர் திரும்பவும் பேப்பருக்குப் பின்னால் போய்விடுவார். அங்கிருந்து இன்னொரு முறை இவரை வெளியே எடுக்க எனக்கு வழி தெரியாது.

"அது இன்னும் உள்ளுக்கு வரேல்லை. முன்காலைத்தான் வச்சிருக்கு" என்றேன். "கொண்டுபோய் விடுங்கோ."

சாப்பிட்டதும் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் ஆமைக்கு முன்னால் இருந்தேன். அசையாமல் பார்த்தேன். வலைக்கு அப்பால் புல் தெரிகிற இடமெல்லாம் அது முட்டியது. ஒரு பக்கத்தில் மட்டும், மிச்சமான பலகையொன்றை அவர் வலையில் சாத்தி வைத்திருந்தார். அந்த இடத்தில் அது முட்டவே இல்லை. எனக்கு வந்ததே கோபம்!

"நீங்கள் எந்த ஊரில பிறந்தனீங்கள்?" என்று கத்தினேன். "இது வேலியே? இப்பிடி எல்லாம் தெரியிற மாதிரி ஆராவது வேலி அடைப்பினமே?"

யாழ்ப்பாணத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டுமா வேலி? கண்ணுக்குத்தான் வேலி. வேலியில் கட்டிய தென்னோலைக் கிடுகில் ஒரு பொட்டு, ஒரு சின்ன ஓட்டை, விழுந்தால் இந்த வீட்டில் என்ன கறி என்று அந்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். அதை அடைக்கும்வரை வீட்டுக்காரருக்குச் சோறு இறங்காது. வேலிக்காகக் கோர்ட் ஏறி இறங்கிய பரம்பரை நாங்கள். இவர் என்னடாவென்றால் ஊரெல்லாம் தெரியும்படி வலை அடித்து வைத்திருக்கிறார். வெளியே புல்லைக் காட்டிவிட்டு உள்ளே இரு என்றால் ஆமை இருக்குமா? நானே இருக்கமாட்டேன்.

அவர் வலையில் சாத்தியிருந்த பலகையைப் போய்த் தொட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து, தூண்களில் உயர்ந்து நின்ற வீட்டுக்கு அடியில் போனார். வாடகைக்குத் தந்த வீட்டுச் சொந்தக்காரர் முன்வேலியை மாற்றியபோது கழற்றிய பழைய பலகைகள் அங்கே குவிந்து கிடந்தன.

ஆக்லாந்தில் கிடுகுக்கு எங்கே போவது? அந்தப் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று விளிம்பு ஏறும்படி அடைத்தோம். அவர் ஆணி அடித்தார். நான் புல்லில் குப்புறப் படுத்து, ஆமையின் கண் உயரத்துக்குத் தலையை வைத்துக் குற்றம் பிடித்தேன்.

"இதில ஒரு பொட்டு."

"ஓம்."

"இஞ்சையும் ஒண்டு. எனக்கு உங்கட சப்பாத்துத் தெரியுது."

அவர் சிரித்துச் சிரித்துச் சுத்தியலால் விரலில் அடித்துக்கொண்டார். விரலை உதறிக்கொண்டும் சிரித்தார். ஏறி விழாதபடி மூலைகளின்மேல் குறுக்குப் பலகையும் வைத்தோம்.

ஆமையார் புது வேலியோரமாக ஒரு சுற்று வந்தார். நின்றார். பிறகு வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடுவுக்கு நடந்தார். காலையில் நான் சாமிக்குப் பறித்த செவ்வரத்தம் பூவில் ஒன்று அங்கே விழுந்து கிடந்தது. அதைக் கடித்து, வாயெல்லாம் சிவக்கச் சிவக்கச் சாப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் அவருக்குப் பக்கத்தில் புல்லிலேயே இருந்துவிட்டோம். மறுநாளிலிருந்து சாமிக்கு ஒரு பூ, ஆமையாருக்கு ஒரு பூ.

பக்கத்து வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "என் வீட்டில் கல் மதில்! அது ஏன் ஓடவில்லை என்று நான் யோசித்ததே இல்லை" என்றார். வழியனுப்பும்போது எங்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்தார். ஆமையை மட்டும் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினார்.

குளிர்காலம் வந்தது. ஒரு பகல், தெற்கிலிருந்து காற்று வீட்டையே ஆட்டியது. மழை குறுக்காக அடித்தது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். மனம் கேளாமல் குடையோடு போய்ப் பார்த்தேன். சின்ன வீட்டுக்குள் தண்ணீர் அடித்து, ஆமையார் ஐஸ்கட்டிபோல் குளிர்ந்து கிடந்தார். அப்படியே தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்கதவுக்கு ஓடி வந்தேன்.

வாசற்படியில் கால் நின்றுவிட்டது. நான் போட்ட சட்டம். கொழும்பில் எங்கள் வீட்டுக்குள் ஒருநாளும் ஆமை வந்ததில்லை. அந்த வீடுதான் எரிந்தது. அன்று நான் சண்டை பிடித்தபோது அவர் இதைச் சொல்லியிருக்கலாம். ஒரே சொல்லில் என் வாயை அடைத்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. குளிரில் நின்றுகொண்டு அழுதேன். பிறகு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனேன்.

மாலையில் கணவர் நனைந்த கோட்டோடு வந்தார். ஹீட்டருக்கு முன்னால் அப்பிள் பெட்டி. பெட்டிக்குள் என் பழைய துவாய். துவாய்க்குள் ஆமையார்.

"சட்டம் என்ன மாதிரி?" என்றார் மெதுவாக.

"ஆமை வரக்கூடாது எண்டுதான் சட்டம். அது வரேல்லை. நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

அவர் சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் ஈரக் கோட்டோடு தரையிலேயே இருந்துவிட்டார். பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே, அவராகவே கதைக்கத் தொடங்கினார். ஆமை வீட்டின் தரையை உயர்த்த வேண்டும், வாசலை வடக்கே திருப்ப வேண்டும், அதற்கு நீர் என்ன சொல்லுறீர்? சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.