டாக்டரிடம் நான் சொல்லாமல் விட்டது

போன மாதம் தங்கை வீட்டுக்குப் போக பண்ணைக்காட்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நீல வாயில் புடவை, மடியில் ஒரு கூடைப் பூண்டு.

"என்னையத் தெரியுதாக்கா? போளூர் வள்ளி."

தெரியாமல் என்ன? பத்து வருடமாக மறக்க முயன்று தோற்ற முகமாயிற்றே... (அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.)

அப்போது நான் கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வெள்ளைக்கார டாக்டரம்மாவுக்குத் தமிழ் வராது. நோயாளி சொல்வதை இங்கிலீஷில் அவருக்கும், அவர் சொல்வதைத் தமிழில் நோயாளிக்கும் சொல்வதுதான் என் உத்தியோகம்.

ஒரு நாள் காலை வள்ளி வந்தாள். மலைக்குள்ளேயே இருக்கும் போளூர் கிராமத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். இருபது வயது, வேட்டி, அரும்பு மீசை. ஆஸ்பத்திரிச் சீட்டில் வேலுச்சாமி என்று எழுதியிருந்தது.

"அது வீட்ல வச்ச பேருக்கா. எம் பேரு வள்ளி. வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து நான் பொம்பளைதான். சீமையில ஒருத்தருக்கு ஆபரேசன் பண்ணி ஒடம்பையும் பொம்பளையா மாத்திட்டாங்களாம், டீக்கடையில பேப்பர் வாசிச்சாங்க. எனக்கும் முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன்.

அவர் வயிற்றை அழுத்திப் பார்த்து ஏதோ மருந்து எழுதிக் கொடுத்தார்.

"என்னக்கா சொன்னாங்க?"

"முடியாதாம்."

வள்ளி தலையாட்டிவிட்டு எழுந்தாள். வெகுநேரம் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

பஸ்ஸில் அத்தனையையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப... டாக்டரம்மா முடியாதுன்னு சொல்லவே இல்லையா?"

"இல்லை."

வீட்டைவிட்டு வந்து, தனியாகக் குடியிருந்து, சந்தையில் பூண்டு விற்று, ஊர் வாயில் வள்ளி என்ற பெயரை வரவழைத்தவள் அவள். ஆனால், "குளிக்கும்போது இன்னும் கண்ணை மூடிக்கிறேன்க்கா" என்றாள். "அந்தச் சோலி ஒண்ணுதான் பாக்கி கெடக்கு. இன்னொருக்கா கேப்போமா?"

பழைய டாக்டரம்மா சீமைக்கே திரும்பிவிட்டார். இப்போது இருப்பவரும் வெள்ளைக்காரர்தான். அடுத்த வாரம் அவரிடம் போனோம். இந்த முறை ஒரு சொல்லையும் நான் விழுங்கவில்லை.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதையும் காதுகொடுத்துக் கேட்டார். அந்த வைத்தியம் இங்கே இல்லை, எனக்கும் தெரியாது, அது தெரிந்த டாக்டர்களுக்கு எழுதிக் கேட்கிறேன், அவள் கேட்டதில் தப்பேதும் இல்லை — இவ்வளவுதான் சொன்னார். அப்படியே தமிழில் சொன்னேன்.

வள்ளி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இங்கிலீசுலயும் என்னைய 'அவ'ன்னுதான் சொன்னாராக்கா?"

"ஆமாம். 'ஷீ' என்றார்."

"இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன்.

பதில் இன்னும் வரவில்லை. சந்தைக்கு வரும்போதெல்லாம், "தபாலு வந்துருச்சாங்க?" என்று ஆஸ்பத்திரியில் விசாரிக்கிறாள். நானும் கூடப் போகிறேன். வரப்போவது 'இல்லை'யாகவே இருக்கலாம்... ஆனால் அந்த 'இல்லை'யை நானாகச் சொல்வதற்கு நான் யார்?