இடுப்புக்கு மேலே ஒரு சேவல்

பணிக்காலம் முழுவதும் சுங்கத் துறையில் அடுத்தவர் தாள்களில் பிழை கண்டுபிடித்தவன் நான். ஓய்வுபெற்ற பின், பின்னலாடை நகரத்து ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு அதே தாள்களைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன். ஏற்றுமதிக் கோட்டா ஒழிந்து, ஊரே ஆர்டர் பின்னால் ஓடிய காலம்.

பிரான்சிலிருந்து பனியனும் ஜட்டியும் சேர்ந்த ஓர் ஆர்டர் வந்தது. பனியனில் படம் ஒன்றுமில்லை. ஜட்டியின் பின்புறம் சிவப்பில் ஒரு சேவல். தாளில் அதன் பெயர் ‘பறவை லோகோ, ஒரு கலர்’. வருடந்தோறும் பழனிக்கு நடந்து போகும் முதலாளி அதைப் பார்த்துக் கையெழுத்திட்டார். நானும் இட்டேன். லோகோவைப் பார்த்தோமே தவிர, சேவலைப் பார்க்கவில்லை.

பார்த்தவர் பிரிண்டிங் மாஸ்டர்தான். சாமளாபுரத்து நெசவுக் குடும்பத்துக்காரர். அச்சு ஸ்கிரீனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், சுவரில் சாய்த்து வைத்தார், கை கழுவிக்கொண்டார். முதலாளி கெஞ்சினார், பிறகு, இரண்டு நாளில் அடிக்காவிட்டால் வேறு மாஸ்டர் வருவார் என்றார். ஒப்புதலான சாம்பிளை, ஆர்டர் கொடுத்த பையர் எழுதிக் கொடுக்காமல் மாற்ற முடியாது என்ற விதியை விளக்க என்னை அனுப்பினார். விளக்கினேன்.

“நீங்க சொல்றது சரிங்க சார். ஆனா அது முருகன் கொடியில நிக்கறதுங்க. அதும்மேல ஆரும் உக்காரக் கூடாதுங்க.”

செக்கிங் மேசையில் இருந்த தூத்துக்குடி அம்மாள் தலை நிமிராமலே சேர்ந்துகொண்டாள். “எங்க ராயப்பரையே அழ வச்ச சேவலுல்லா. மாஸ்டர் சொல்லுதது நியாயந்தான்.” குருவைத் தெரியாது என்று மூன்று முறை மறுத்து, சேவல் கூவியதும் அழுத சீடரைச் சொன்னாள்.

பையரிடம் மாற்றம் கேட்கக் காரணம் வேண்டும். சாமி குத்தத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. வீட்டுக்குப் போய், கல்லூரி நாளில் வாங்கிய லத்தீன் அகராதியைத் தூசி தட்டினேன்.

கல்லுஸ். சேவல் என்று பொருள். அடுத்த பதிவும் அதே எழுத்துகள்: இன்றைய பிரான்சில் அன்று வாழ்ந்தவன். ரோமானியர் அவர்களை அப்படி அழைக்க, பின்னால் வந்தவர்கள் அந்தப் பறவையையே தங்கள் அடையாளமாக ஏற்றுக்கொண்டார்கள். தாய்த் தெய்வம் ஒன்றின் பூசாரிகளுக்கும் அதே பெயர். அது ஓர் ஆற்றின் பெயரிலிருந்து வந்ததாம், அந்தத் தண்ணீரைக் குடித்தால் சாமி வருமாம். சேவலுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது உறுதியில்லை. ‘கூவி அழைப்பது’ என்ற வேரிலிருந்து வந்திருக்கலாம் என்று மட்டும் இருந்தது.

ரோமானியப் படை கோழிகளைக் கூடவே கொண்டுபோகும்; அவை தீனி தின்றால்தான் போர் தொடங்கும் என்று எங்கோ படித்ததும் நினைவு வந்தது. கோழியிடம் தடையில்லாச் சான்று! சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் உடம்பு லேசாகச் சிலிர்த்தது. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத எத்தனை ஜனங்கள், விடியும் முன்னே கூவும் இந்தச் சின்ன உயிரை அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள்! அதைக் குனிந்து பார்க்கும் இடத்தில் வைக்க நான் கையெழுத்திட்டிருந்தேன்.

இதையெல்லாம் அப்படியே கடிதமாக எழுதினேன். உங்கள் சேவல் எங்கள் தெய்வத்தின் கொடியிலும் இருக்கிறது, தயவுசெய்து இடுப்புக்கு மேலே ஏற்றுங்கள் என்று முடித்தேன். வாழ்நாளில் விதி எண் குறிப்பிடாமல் நான் எழுதிய ஒரே அலுவலகக் கடிதம்.

மறுநாளே பையரின் பதில். ஜட்டி வெறுமையாக இருக்கட்டும், சேவல் பனியனின் நெஞ்சுக்குப் போகட்டும். திருத்திய ஆர்டர் இணைப்பில். கீழே ஒரு வரி: தன் கிராமத்துத் தேவாலயக் கோபுரத்தின் உச்சியிலும் ஒரு சேவல் நிற்கிறது, ஏன் என்று கேட்டதே இல்லை. செக்கிங் அம்மாளிடம் சொன்னேன். “எங்க ராயப்பர் சேவலுல்லா அது. இது தெரியாதாக்கும் அவருக்கு” என்றாள்.

முதல் பீஸ் அடிக்கும்போது நான் கோப்புடன் போய் வாசலில் நின்றேன். மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, பிரேமின் மூலையில் திருநீறு இட்டார். ரப்பர் கட்டையை ஒரே இழுப்பாக இழுத்து ஸ்கிரீனைத் தூக்கினார். வெள்ளைத் துணியில், ஈரம் மின்ன, சிவப்பாக நின்றது.

“வந்து பாருங்க சார்.”

வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனேன்.