இறால் பண்ணை வந்தபின் நின்றுபோன மீன்பெட்டி

தேனியில் நானும் என் கணவரும் மீன்கடை வைத்திருந்தோம். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஓர் அக்கா ஐஸ் பெட்டியில் மீன் அனுப்புவார். அங்கே இறால் பண்ணைகளுக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்த பிறகு மீன் வரத்து குறைந்து, அடியோடு நின்றுபோனது. ஒருநாள் காலை அந்த அக்காவே துணிப்பையோடு கடைக்கு வந்தார்.

"பண்ணைத் தண்ணியக் கடல்ல விடுறாக. கரையோரம் மீனே இல்ல. படகுக்குப் போற பாதையிலயும் வேலி போட்டுட்டாக," என்றார். அழவில்லை.

"யாரும் கேக்கலையாக்கா?" என்றேன்.

"கேட்டோம். என் மகனையே வேலிக்குக் காவலா வச்சுக்கிட்டாக."

"இங்கன கம்பத்துப் பக்கம் திராட்சைத் தோட்டத்துல வேலை இருக்குக்கா," என்றார் என் கணவர்.

மறுநாளே அக்கா கம்பம் பஸ் ஏறினார். நாங்கள் வைகை அணை மீனை விற்கத் தொடங்கினோம். பிறகொரு மாலை கடைக்கு வந்த அக்கா, அணைக் கெண்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையில் கத்திரிக்காய் வாங்கிப் போனார்.