அப்பாவின் ரகசியக் குரல்

அப்பா ரகசியம் சொல்லத் தொடங்கும் விதமே தனி. முதலில் வாசலைப் பார்ப்பார். பிறகு சன்னலைப் பார்ப்பார். அப்புறம் நம் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, இடது கையைக் குவித்து வாயோரம் வைத்துக்கொண்டு, தெருமுனை மளிகைக் கடைவரை கேட்கும்படி அந்த ரகசியத்தைச் சொல்வார். ஒருமுறை விருந்தாளிகள் வந்திருந்தபோது, சாம்பாரில் உப்பில்லை என்பதை அம்மாவின் மனம் நோகாமல் சமையலறைக்குப் போய்த் தனியாகச் சொன்னார். அடுத்த நிமிடம் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா மதில்மேல் கைநீட்டி ஒரு கிண்ணம் உப்பு கொடுத்தார். “நம்ம வீட்டு விஷயம் இந்தம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று அப்பா நெடுநாள் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா பீரங்கிப் படையில் இருந்தவர். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் பஞ்சாப் எல்லையில் நின்று சுட்டவர். பீரங்கி வெடிக்கும்போது வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காது போய்விடும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். “வாய மூடினவனுக்குத்தான் காது போச்சு. நான் கடைசி வரைக்கும் தொறந்தே வெச்சிருந்தேன்” என்பார் பெருமையாக. அன்றைக்குத் திறந்த வாயை இன்னும் மூடவில்லை என்று அம்மா சொல்வாள். அதுவும் அவருக்குக் கேட்காது. போரைப் பற்றி அவர் வேறு அதிகம் பேசியதில்லை. தன் பீரங்கியில் உடன் நின்ற ஆறு பேரின் ஊர்களை மட்டும் வரிசையாகச் சொல்வார். அதில் இரண்டு ஊர் வரும்போது குரல் கொஞ்சம் இறங்கும். இறங்கியும்கூட அது சாதாரணமானவர்கள் கூப்பிடும் அளவுக்கு இருக்கும்.

பட்டாளத்திலிருந்து வந்தபின் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் வாசலில் காவல் வேலை கிடைத்தது. தேன்கனிக்கோட்டை ரோட்டுப் பக்கம் வாடகை வீடு. தன் காது மந்தம் என்பதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. “இந்தக் காலத்து டிரைவருங்க ஹாரனே அடிக்கறதில்ல, பூனை மாதிரி வந்து நிக்கறானுங்க” என்று லாரிக்காரர்களைத்தான் குறை சொல்வார். காது மந்தம் என்பது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று வீட்டில் நாங்கள் எல்லோரும் எப்போதும் உரக்கவே பேசிக்கொண்டோம். புதிதாக வருகிறவர்கள் பெரிய சண்டை நடக்கிறது என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிடுவார்கள். உண்மையில் காப்பி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருப்போம்.

நான் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் நான்கு வருடமாக வேலை பார்த்து வந்தேன். அடுத்த மாதத்திலிருந்து என்னை லைன் லீடராக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். என் கைக்குக் கீழே இருபத்திரண்டு பெண்கள். அந்தச் செய்தியை வீட்டில் அப்பாவுக்கு மட்டும்தான் சொன்னேன், அதுவும் காலை ஷிப்ட் பஸ் வந்து நின்ற இரைச்சலில், அவர் காதருகே கத்தி. அவர் தலையை மட்டும் ஆட்டினார். கேட்டதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லப் பயம். எனக்கு முன்பே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. வேலை, வேலை என்று நான் சொன்னால் அவளுக்கு எரிச்சல் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியிலிருந்து ஏழு பேர் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு ஓசூரில்தான் வேலை, தனியாக வீடு எடுத்திருந்தார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்திருந்தது, அதை இப்போது மறைப்பானேன். கேசரி கொடுத்தோம். பேச்சு நன்றாகத்தான் போனது. பிறகு பையனின் அம்மா, “கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைக்குப் போக வேணாங்க. எங்க பையன் சம்பாதிக்கறதே போதும்” என்றார். அம்மா பின்னாலிருந்து என் முழங்கையைக் கிள்ளினாள். நான் தலையை ஆட்டிவிட்டேன். அந்த இருபத்திரண்டு பேரும் வேறு யாரையோ அக்கா என்று கூப்பிடுவது கண்முன் வந்தது. குனிந்து சிமெண்டுத் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா எழுந்தார். அம்மாவைக் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனார். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு துணித் திரை மட்டும்தான்.

“மெதுவாப் பேசு. அவங்களுக்குக் கேட்டுடப் போகுது” என்ற அப்பாவின் குரல் முதலில் வந்தது. கூடத்தில் ஏழு பேரும் கையில் தட்டோடு அசையாமல் உட்கார்ந்துவிட்டார்கள்.

“இந்த எடம் நமக்கு வேணாம். புள்ள தலைய ஆட்டுதேன்னு நீயும் ஆட்டாத. நாலு வருஷத்துல ஒரு நாள் அவ பஸ்ஸ விட்டதில்ல. ஜுரத்தோட போயிருக்கா. இப்ப லீடர் ஆகப் போறா, தெரியுமா உனக்கு? இருவத்திரண்டு பேரு! நான் அத்தன வருஷம் பட்டாளத்துல இருந்தும் ஆறு பேரோடதான் நின்னேன். என்னவிடப் பெரிய ஆளு அவ. அத விட்டுட்டு வரச் சொன்னா, நெஞ்சுக்குள்ளயே வெச்சுப் பொசுங்கிப் போவா.”

அம்மா ஏதோ கெஞ்சினாள்.

“சத்தமாப் பேசாதன்றேன்! பையன் நல்ல பையன்தான். அவங்கம்மாதான்... கேசரிய மூணு வாட்டி வாங்கிச் சாப்டுது, வேலைய மட்டும் விடச் சொல்லுது.”

பையனின் அம்மா ஸ்பூனைத் தட்டில் வைத்தார். அவருடைய கணவர் இருமத் தொடங்கினார், வேண்டுமென்றே நிறுத்தாமல் இருமினார். பையன் கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவமானத்தில் எனக்குக் காது சூடேறியது. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. பஸ் இரைச்சலில் நான் சொன்னது அவருக்கு ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறது.

திரையை விலக்கிக்கொண்டு அப்பா வெளியே வந்தார். ஒன்றும் நடக்காதவர் போல உட்கார்ந்து, “இந்த வருஷம் குளிர் கம்மிதான், இல்லீங்களா?” என்றார். ஆமாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

போய்த் தகவல் சொல்வதாகக் கிளம்பினார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். செருப்பை மாட்டும்போது பையனின் அம்மா என் அம்மாவிடம் தணிந்த குரலில், “ரெண்டு வாட்டிதாங்க வாங்கினேன்” என்றார். அம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஆட்டோ வரை போன பையன் திரும்பி வந்தார். அதுவரை ‘சார்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், அப்பாவின் எதிரில் நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

“மாமா! ஷிப்ட் பஸ் எங்க தெருவுலயும் நிக்கும்!”

அப்பா, “சரி தம்பி. அதுக்கு எதுக்குக் கத்தறீங்க? எனக்கு நல்லாக் கேக்கும்” என்றார். ஆனால் அவர் கை பையனின் தோளுக்குப் போய்விட்டது.

அப்பா போய் இப்போது ஐந்து வருடமாகிறது. வீட்டில் எல்லோரும் மெதுவாகத்தான் பேசுகிறோம், எனக்கு அது இன்னும் பழகவில்லை. எங்கள் கல்யாணத்தன்று பந்தியில் அப்பா, உறவினர்களை ஒவ்வொருவராகத் தனியே இழுத்து, கையைக் குவித்துக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார்: “எம்பொண்ணு வேலைய விட வேணாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. நான் ஒரு வார்த்தை பேசல. பெரிய மனசு அவங்களுக்கு.” பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த என் மாமியார் நிமிர்ந்தார். அன்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டதை இப்போது சொல்லிவிடுவார் என்று பயந்தேன். வாழ்நாளில் அப்படிக் கத்தியிராத அந்த அம்மாள், எழுந்து அப்பாவின் காதருகே போய், பந்தியே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்:

“ஆமாண்ணா! நீங்க ஒரு வார்த்தை பேசல!”