மூன்றாம் பாகம் குப்பை

வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்கு வீட்டில் இன்னும் 'சாம்பியன்' என்றுதான் பெயர். வீடியோ கேம் கடைகள் இருந்த காலத்தில், ஒரு சண்டை விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. மூன்றாம் பாகத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும். "அது குப்பை. ஓடறதுக்குன்னு ஒரு பட்டனைச் சேர்த்துக் கெடுத்துட்டாங்க" என்பான்.

அது குப்பையான கதை வேறு. மூன்றாம் பாகத்தின் மெஷின் கேம் கடைக்கு வந்த அன்று தங்கையோடு முதல் ஆட்டம் ஆடினான். பின்னால் பையன்கள் கூட்டம். தங்கை அவனைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். பையன்கள் கைதட்டினார்கள். சாம்பியன் நேராக வீட்டுக்குப் போய் அப்பாவிடம், "கண்ட பசங்களும் வர்ற கடைப்பா அது, இவ வர்றது நல்லா இல்ல" என்று பெரிய மனுஷன் மாதிரிப் போட்டுக்கொடுத்தான். கண்ட பசங்களில் முதல் ஆளே அவன்தான், அது வேறு விஷயம். அதற்குப் பிறகு அவளுக்குப் பள்ளிக்கூடம் விட்டால் வீடு. ஏன் என்று அவள் கேட்கவில்லை.

பல் டாக்டரிடம் நர்ஸாக இருக்கும் அந்தத் தங்கைதான் போன ஞாயிற்றுக்கிழமை அவனை வரச்சொன்னாள். பழைய பாகங்கள் எல்லாம் ஒன்றாக வந்திருக்கின்றனவாம், டிவியில் மாட்டி வைத்திருந்தாள். இரண்டாம் பாகத்தில் சாம்பியன் வரிசையாக ஜெயித்தான். தலைகால் புரியவில்லை.

"கை மறக்கல பாத்தியா!" என்று திரும்பியவன் அவள் கையைப் பார்த்தான். அவன் உதைக்க வரும்போதெல்லாம், தடுக்கிற பட்டன்மேல் இருந்த கட்டைவிரல் மெல்ல விலகியது.

"ஏய், விட்டுக்கொடுக்கறியா?"

"பழக்கம்ணா."

"அப்பவுமா?"

"நீ தோத்தா மூஞ்சியத் தூக்கி வச்சுப்ப. அப்புறம் என்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போக மாட்ட."

"அப்ப மூணாவதுல?"

"அதுல பட்டனெல்லாம் புதுசுல்ல? எப்படித் தோக்கறதுன்னு தெரியலண்ணா." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "பயந்த மாதிரியே ஆயிடுச்சு. நீ அப்பாகிட்ட பேசினப்ப கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன்."

சாம்பியனுக்கு உடம்பே கூசியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். வந்ததோ, "மூணாவதைப் போடு. விட்டுக்கொடுக்காம ஆடு."

அவள் ஆடினாள். சாம்பியன் மண்ணைக் கவ்வினான். அவன் அத்தனை காலம் திட்டிய அந்த ஓடும் பட்டனை அவள் அழகாக உபயோகித்தாள்.

சமையலறையிலிருந்து தங்கையின் கணவர் குரல் கொடுத்தார். "என்ன மச்சான், அந்தக் குப்பை எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. குப்பை அது இல்ல."

தங்கை அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இன்னொண்ணு ஆடலாம்ணா" என்றாள்.

அந்த ஆட்டத்தில் அவன் ஜெயித்தான். அவள் கட்டைவிரல் பக்கம் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.