மருதாணி பிடித்த கை

2024 மே 12, ஞாயிறு. ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசல் தெளித்து, பால் காய்ச்சி, செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். நான் வேலை பார்க்கும் பள்ளிக்குக் கோடை விடுமுறை, வெள்ளிமலைப் பேருந்துக்கு ஓட வேண்டியதில்லை. நைனார்பாளையத்தில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. தாய்மாமன் வீட்டு வளையல்தான் முதலில் ஏற வேண்டும். தாய்மாமனான என் கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. தட்டை நான் கொண்டு போகலாம். வளையலைப் போட்டுவிடக் கூடாது. எனக்குப் பிள்ளை இல்லை. அவளைத் தூக்கி வளர்த்தவள் நான். ஒரு ஜோடியாவது என் கையால் போட வேண்டும் என்ற ஆசையை யாரிடமும் சொல்லவில்லை.

முந்தின நாள் தலைக்கு மருதாணி போட்டிருந்தேன். அவர் இருந்தவரை மாதாமாதம் கறுப்புச் சாயம். பின்தலைக்கு அவர்தான் பிரஷ் பிடிப்பார். துக்க வருஷத்தில் ஒன்றும் போடவில்லை. கண்ணாடியில் யாரோ ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். வருஷத் திதி முடிந்ததும் மருதாணிப் பொடி வாங்கினேன். பின்தலைக்கு பிரஷ் பிடிபடவில்லை. கையாலேயே அள்ளி அப்பினேன். தலையிலேயே கவனம், கையை மறந்துவிட்டேன். கழுவியபோது நரை செம்பாக மின்னியது. உள்ளங்கைகள் அதைவிடச் சிவப்பு. எலுமிச்சைக்கும் போகவில்லை, சோப்புக்கும் போகவில்லை.

பேருந்தில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். பந்தலில் தட்டை நீட்டும்போது மறைக்க வழியில்லை.

"இன்னா அண்ணி இது, கையெல்லாம்!" என்றாள் நாத்தனார்.

"மொதல்ல தலையப் பாரு" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. "இந்த வயசுல பொண்ணு பாக்க வராங்களா இன்னா?"

"வந்தா சொல்லி அனுப்புறேங்க. நீங்க பஜ்ஜி சுட்டுக்கினு வந்துடுங்க" என்றேன்.

பெண்கள் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "தட்டக் குடுத்துட்டு அப்படி ஓரமா ஒக்காருங்க அண்ணி."

மனையில் இருந்த மகள் நிமிர்ந்தாள். "எம்மா, அத்தை எதுக்கு ஓரமா ஒக்காரணும்? மாமன் வூட்டு வளையல மாமன் வூட்டு ஆளுதான் போடணும்." இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினாள்.

"அது இல்லடி, நாலு பேரு..."

"அந்த நாலு பேரும் இங்கதான் சோறு துன்னப் போறாங்க. எனக்குக் கை வலிக்குது. போடுங்க அத்தை."

நாத்தனார் என் தலையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். பிறகு சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "சந்தனம் பூசிட்டுப் போடுங்க. மொற தப்பக் கூடாது."

பூசினேன். பச்சையும் சிவப்புமாக இரண்டு கைக்கும் ஏற்றினேன். ஒரு வளையல்கூட உடையவில்லை. குலவை போட்டவர்களில் என் நாத்தனார் குரல்தான் உரக்கக் கேட்டது.

பந்தியில் பெரியம்மா எதிரே வந்து உட்கார்ந்தார். "நல்லாத்தான் கீது தல" என்றார், இலையைப் பார்த்தபடியே.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக, மீதியிருந்த பொடியைக் குழைத்து இடது உள்ளங்கையின் நடுவில் வட்டமாக வைத்தேன். ஐந்து விரல் நுனிகளுக்கும் தொப்பி போட்டேன்.