தெம்பு கம்மியான வால்வு

அப்பாவின் இதய வால்வு சுருங்கிப்போனதில் எங்கள் கள்ளிக்குப்பம் வீட்டுக்கு ஒரு நன்மை கிடைத்தது. அம்மாவை அடிப்பது நின்றது. கை ஓங்குவார், பாதியிலேயே மூச்சு வாங்கும், கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். வசவு மட்டும் குறையவில்லை.

நெஞ்சைப் பிளக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய் வைக்கலாம் என்றார் டாக்டர். இரண்டு வகை உண்டாம். ஒன்றை உள்ளே வைத்துப் பலூனை ஊதி விரிப்பார்கள், விரித்தால் விரித்ததுதான். இன்னொன்று உறையை விலக்கினால் தானே விரியும். இடம் சரியில்லையென்றால் பாதியில் மடக்கித் திரும்ப வைக்கலாம், ஆனால் பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

முகப்பேரிலிருந்து நானும் ஆவடியிலிருந்து தம்பியும் வந்து இதற்காக அடித்துக்கொண்டோம். அவனுக்குத் தானே விரிவது, எனக்குப் பலூன். "நாலு வீடியோ பாத்துட்டு நீ டாக்டராயிட்டியா?" என்று என் போனைத் தட்டிவிட்டான். நான் சொம்பை வீசினேன். அவன் தோளில் பட்டு உருண்டது. அப்பா கட்டிலில் இருந்தபடியே எங்கள் பிறப்பை இழுத்துத் திட்டினார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து சொம்பை எடுத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்: "இந்த ரெண்டுல எத வச்சா அவுருக்குத் தெம்பு கம்மியா வரும்?"

தம்பி சிரித்தான். கசிவு, ஆயுள், பேஸ்மேக்கர் என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டவளான எனக்கு இது தோன்றவே இல்லை. "அப்படி எதுவும் இல்லம்மா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய் ரசத்துக்குத் தாளித்தாள்.

கடைசியில் எங்கள் சண்டையை யார் மதித்தார்கள்? ஸ்கேனைப் பார்த்து டாக்டரே பலூன் வகையை முடிவு செய்தார். அருமையாக வேலை செய்தது. அப்பா மாடிப்படி ஏறினார், மார்க்கெட்டுக்குப் போனார், முகத்தில் களை வந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் சொன்னபடி உப்பைக் குறைத்து வைத்த மீன் குழம்பை அப்பா தட்டோடு சுவரில் அடித்தார். எழுந்து அம்மாவை அறைந்தார். மறுபடி ஓங்கிய கையைப் பிடித்து, முதுகுக்குப் பின்னால் முறுக்கி, அவரைச் சுவரோடு சேர்த்து அழுத்தினேன். அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை. மணிக்கட்டில் நாடி சீராக அடித்தது. அந்தக் கையை ஒடித்துவிட வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன்.

அம்மா உதட்டு ரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "உட்டுடுடீ. ஒடிஞ்சிட்சின்னா மறுபடியும் ஆஸ்பத்திரில நாந்தான் குந்திகினு கெடக்கணும்."

அதைக் கேட்டதும் இன்னும் முறுக்கினேன்.